மருதையன் சொன்ன மாதம்

ஐம்பத்து நான்காவது வயதில் மருதையனுக்கு ஒரு பட்டம் கிடைத்தது: உள்ளூர் நிபுணர். இன்னும் இருபது வருஷத்தில் தஞ்சாவூர் எப்படி இருக்க வேண்டும் என்று வரைபடம் போட வந்த கம்பெனி கொடுத்த பட்டம் அது. டிரைவர் இல்லாத மின்சார பஸ் எந்த வழியாக ஓடும், சார்ஜ் ஏற எங்கே நிற்கும், எது ஊர், எது வயல் என்பதையெல்லாம் டிரோன் பறந்து படம் பிடிக்க, கம்ப்யூட்டரே பிரித்துச் சொல்லிவிடுமாம். அப்படியானால் மருதையன் எதற்கு? அந்தச் சந்தேகம் அவருக்கும் இருந்தது. ஆனாலும் கழுத்தில் மாட்டிய அடையாள அட்டையைக் குளிக்கும்போது மட்டும்தான் கழற்றினார்.

முப்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர். அளப்பாரே தவிர, வயலில் இறங்க மாட்டார். வரப்போடு சரி. அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்குச் சேறு மிதித்தவர். ஐப்பசி பிறந்தால் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். "உன் காலாவது காய்ஞ்சு கிடக்கட்டும்டா" என்று சொல்லித்தான் மகனைப் படிக்க வைத்தார். மகனும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பாலிஷ் போட்ட ஷூவோடு வரப்பு வரப்பாக நடந்தார்.

மனைவி செவ்வந்தி வேறு மாதிரி. தன் அம்மா கூலிக்கு நாற்று நட்ட அதே ஐந்து மா நிலத்தைத் தன் பேரில் வாங்கி, தானே நின்று சம்பா போடுகிறவள். மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனால் மருதையன் வரப்பிலிருந்தே தூக்குவாளியை நீட்டுவார். அவள்தான் கரையேறி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்பெனி இன்ஜினியர் தஹ்மீனா நாகப்பட்டினத்துப் பெண். எந்த மாதம் எந்த மீன் வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். நெல் சமாச்சாரம் தெரியாது. அதற்குத்தானே நிபுணர்! அவரிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"சார், டிரோன் விட எந்த மாசம் தோதுப்படும்?"

"சித்திரைம்மா. மழை கிடையாது, மேகம் கிடையாது. வயலெல்லாம் கட்டாந்தரையா கிடக்கும். ஷூவக் கழட்டாமலே நடந்து போயி அடையாளம் வெச்சுட்டு வந்துடலாம்."

ஷூவைக் கழற்றாமலே நடந்தார். வேலை மூன்றே நாளில் முடிந்தது.

ஆவணியில் கல்யாண மண்டபம் ஒன்றில் வரைபடத்தை மாட்டினார்கள். பச்சை என்றால் சாகுபடி, மஞ்சள் என்றால் பயன்படாத நிலம். மருதையனின் ஊர் முழுக்க மஞ்சள் பூசிக் குளித்ததுபோல் இருந்தது. தை அறுவடைக்குப் பிறகு ஆற்றில் தண்ணீர் வரும்வரை வயல் சும்மா கிடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததைப் போய் யார் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? மருதையனும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர், பாவம், கண்டதை எழுதிவிட்டது.

செவ்வந்தியின் ஐந்து மாவுக்கு மேலே 'மின்சார பஸ் டிப்போ' என்று போட்டிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில்: படம் எடுத்த மாதம், சித்திரை. பரிந்துரை, மருதையன், உள்ளூர் நிபுணர்.

செவ்வந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தாள்.

"மெத்தப் படிச்ச மூஞ்சூறு கழனிப்பானையில விழுந்துச்சாம். நீங்க விழுந்தா விழுந்துட்டுப் போங்க. என் வயலையும்ல சேத்து இழுத்துக்கிட்டு விழுந்திருக்கீங்க!" வரைபடத்தில் தன் வயலை விரலால் தொட்டாள். "எங்கம்மா குனிஞ்ச இடம்ங்க அது."

அன்று அவர் அடையாள அட்டையைக் கழற்றி மாடத்தில் வைத்தார். கூனிக் குறுகிப் போயிருந்தார்.

ஆட்சேபனை மனுவை ஊர் சார்பில் அவரே எழுதினார். விசாரணையில் அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"சித்திரைன்னு சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"அது தப்புன்னு சொல்றது?"

"அதுவும் நான்தாங்க."

மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "கார்த்திகையில திரும்பப் படம் எடுக்கட்டும். அப்பவும் மஞ்சளா வந்தா, அதுக்கப்புறம் என்கிட்ட வராதீங்க."

கார்த்திகையில் இன்னொரு சிக்கல். போன தடவை சுண்ணாம்பில் போட்ட அடையாளமெல்லாம் தண்ணீருக்கடியில் கரைந்துபோயிருந்தது. டிரோன் இடம் பிசகாமல் இருக்க, குறித்த இடங்களில் யாராவது வயலுக்குள் நின்று வெள்ளைப் பலகையைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். தஹ்மீனா சங்கடத்தோடு நிபுணரைப் பார்த்தாள். நிபுணர் தன் ஷூவைப் பார்த்தார். பிறகு கழற்றினார்.

முதல் அடியிலேயே வழுக்கி உட்கார்ந்தார். முழங்கால் வரை சேறு, தலைக்கு மேல் பலகை, அதற்கு மேல் தூறல். நான்கு நாள், வயல் வயலாக நின்றார். கடைசி நாள் செவ்வந்தியின் வயல். மத்தியானம் அவள் வரப்பில் வந்து நின்று தூக்குவாளியை நீட்டினாள். "இந்தாங்க. கரையேறி வந்து வாங்கிக்குங்க." மருதையன் கரையேறிப் போய் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. குனிந்து பார்த்தார். அப்பாவின் கால் அப்படியே. அழுகை வந்தது. செவ்வந்தி புண்ணுக்கு மருந்தாக மருதாணியை அரைத்து அப்பிவிட்டாள். கல்யாணப் பெண்போல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது தஹ்மீனா போனில் கூப்பிட்டாள்.

"சார், பச்சை! மொத்த ஊரும் பச்சை! படம் அனுப்பியிருக்கேன், பாருங்க."

செவ்வந்தி போனைப் பிடுங்கித் தன் வயலைத் தேடினாள். ஐந்து மாவும் பச்சைப் பசேல். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைச் சதுரம். பக்கத்தில் கம்ப்யூட்டர் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள்: 'நிரந்தரக் கட்டடம்'.

"அது நீங்கதான் சார்," என்றாள் தஹ்மீனா. "பலகையைக் கூரைன்னு நெனச்சிருச்சு. மாத்தணும்னா ஒரு மனு வேணும்."

செவ்வந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துல நாலு மணி நேரம்தான் என் வயல்ல நின்னீங்க. அதுக்கே நிரந்தரமாம்ல!"

எழுந்திருக்க முடியாத மருதையன் தாளும் பேனாவும் கேட்டு வாங்கினார். மருதாணி படாமல் எழுதினார்: "மேற்படி வயலில் காணப்படுவது கட்டடம் அல்ல. வயலுக்குச் சொந்தக்காரியின் கணவன். இனி வருஷா வருஷம் நடவுக்கு அங்கே நிற்பான். டிரோன் பார்த்தால் பயப்பட வேண்டாம்."