சிவப்பு மையில் ஒரு ஸ்டார்

என் வேலை என்னவென்று செஞ்சியில் ஒருவருக்கும் விளங்கும்படி சொல்ல முடிந்ததில்லை. கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான், அதோடு சரி. உண்மையில் நான் எழுதுவது, மற்ற புரோகிராமர்கள் பயன்படுத்தும் கருவிகளை. அவர்கள் ஒரு கட்டளையைத் தட்டினால் எங்கள் கருவி அதை வாங்கி ஷெல்லிடம் கொடுக்கும். ஷெல் என்பது கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கும் ஏவலாள். சொன்னதைச் செய்வான். ஏன் என்று கேட்க மாட்டான், அதில் எது கருவி சொன்னது, எது ஆள் தட்டியது என்றும் பார்க்க மாட்டான். அதனால் அடுத்தவர் தட்டும் எழுத்தை அப்படியே அவனிடம் கொடுக்கக் கூடாது, மேற்கோள் குறிக்குள் அடைத்துத்தான் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதை வெறும் பெயராக எடுத்துக்கொள்வான். எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. இதை மறந்தவர்களை ஆபீஸ் மீட்டிங்கில் நான் வறுத்தெடுத்திருக்கிறேன். அப்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

என் அக்கா பஜாரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கடை கீழே, என் ஆபீஸ் மாடி அறை. கல்யாண மேடையில் ஒரு பெண் கேமராவோடு ஏறி நின்று மாப்பிள்ளையை அதட்டுவதை ஊர் பழகிக்கொள்ளவே சில வருடங்கள் ஆயின. முகூர்த்த மாதங்களில் அவளுடைய கம்ப்யூட்டர் மூச்சுத் திணறும். படம் நிரம்பி இடம் இருக்காது. "டேய், ஆல்பம் குடுத்தாச்சு, அந்த கல்யாணத்த தூக்கிடு" என்று கீழேயிருந்து கத்துவாள். நான் இறங்கிப் போய் அழித்துவிட்டு வருவேன். ஏறி இறங்கச் சலித்துப்போய், அவளே செய்துகொள்ள ஒரு சின்னக் கருவி எழுதிக் கொடுத்தேன். 'முடிந்த வேலை எது?' என்று கேட்கும். அவள் தட்டும் பெயரை வாங்கி, முன்னால் அழி என்ற கட்டளையைச் சேர்த்து, ஷெல்லிடம் கொடுத்துவிடும். ஒரே வரி. மேற்கோள் குறி போடவில்லை. தட்டப்போவது அக்காதானே என்று இருந்துவிட்டேன்.

அக்காவிடம் ஒரு நீள நோட்டு உண்டு. மாப்பிள்ளை பெண் பெயரெல்லாம் அவளுக்கு நிற்காது, ஊர் பெயர்தான் நிற்கும். அவலூர்பேட்டை, சீயமங்கலம் என்று எழுதி வைப்பாள். கம்ப்யூட்டரிலும் அதே பெயர்தான். ஆல்பம் அவர்கள் கைக்குப் போன பிறகு, ஊர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ஸ்டார் போடுவாள். அதற்கு முன்னால் யார் சொன்னாலும் போட மாட்டாள். ஸ்டார் விழுந்தால்தான் அவளுக்கு அந்தக் கல்யாணம் முடிந்தது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். நான் மீட்டிங்கில் இருந்தேன். அக்கா முதல் தடவையாகத் தானே கருவியைத் திறந்து, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே தட்டியிருக்கிறாள். அவலூர்பேட்டை, ஓர் இடைவெளி, கீபோர்டில் இருக்கிற ஒரு ஸ்டார்.

ஷெல்லுக்கு ஸ்டார் என்றால் 'இங்கே இருப்பது எல்லாம்'. அவலூர்பேட்டையை அழித்தான். பிறகு எல்லாவற்றையும் அழித்தான்.

"டேய், இங்க கொஞ்சம் வாயேன். சீயமங்கலத்த காணோம்."

நான் ஹெட்போனைக் கூடக் கழற்றாமல் இறங்கி ஓடினேன். திரையில் அவள் தட்டிய வரி அப்படியே இருந்தது. பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"சீயமங்கலம் எடுத்த கேமரா கார்டு எங்கக்கா?"

"அதுல அடுத்த நாளே வேற முகூர்த்தம் எடுத்துட்டனே. இன்னாடா ஆச்சு?"

இன்னொரு டிஸ்க்கில் தானாக நகல் எடுக்கும் கருவியையும் நானே எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். மற்ற கல்யாணங்களை ஆல்பம் போட லேப்டாப்பில் ஏற்றியிருந்ததால் அவை பிழைத்தன. சீயமங்கலம் மட்டும் வேறெங்கும் இல்லை. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, அழிந்ததை மீட்கத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டிப் பார்த்தேன். மேலே பந்தலும் தோரணமும், அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறமுமாகச் சில துண்டுகள் மட்டும் வந்தன. இருபது பேர் இருக்கும் டீமில் என்னிடம்தான் எல்லோரும் சந்தேகம் கேட்பார்கள். அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது.

"நான் இன்னாடா தப்பா அடிச்சேன்?" என்று அக்கா கேட்டாள்.

"ஸ்டார் போட்டிருக்கக் கூடாதுக்கா" என்றேன். பொய் இல்லை. ஆனால் நான் இரண்டு மேற்கோள் குறி போட்டிருந்தால், அப்படி ஒரு பெயரே இல்லை என்று சொல்லிவிட்டு ஷெல் சும்மா இருந்திருப்பான். அதை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சீயமங்கலத்துப் பெண்ணின் அம்மா படம் தேர்ந்தெடுக்க வந்துவிட்டாள். தனியாக பஸ் ஏறி, வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் கண்ணாடியை எடுத்து முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"எல்லாத்தையும் காட்ட வாணாம்மா. தாலி கட்டுற படத்த மட்டும் பெருசா போட்டு காட்டு. மத்தத அப்பறம் பாத்துக்கலாம். அந்நேரம் என்ன சமையக்கட்டுல நிக்கச் சொல்லிட்டாங்க. தாலி அறுத்தவ இல்லியா, முன்ன வரக்கூடாதுன்னு. மேளம் மட்டும்தான் கேட்டுது."

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "அம்மா, என் கை தவறி எல்லாம் அழிஞ்சிடுச்சும்மா" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. கண்ணாடியைக் கழற்றாமலே, "அப்ப யார்கிட்டயும் இருக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து ஒரு வாரம் அக்கா சீயமங்கலத்துச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, செல்போனில் எடுத்ததையெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாள். நூறு படத்துக்கு மேல் வந்தன. பந்தி இருந்தது, மொய் எழுதியவர் இருந்தார், குழந்தைகள் இருந்தார்கள். தாலி கட்டும் நேரத்துப் படங்கள் பதினொன்று. நான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். ஏதோ ஒரு மூலையில் அந்தப் பெண்ணின் கழுத்தாவது தெரியாதா என்று தேடினேன். கருவியில் மேற்கோள் குறிகளைப் போட்டதும் அன்றைக்குத்தான். ஒரு நொடி வேலை.

அந்த அம்மா மறுபடி வந்தாள். அக்கா பதினொன்றையும் வரிசையாகப் போட்டுக் காட்டினாள். தூவிய அட்சதை தெரிந்தது, தூக்கிய கைகள் தெரிந்தன. பதினொன்றிலும் நடுவில், நீலச் சுடிதார் முதுகைக் காட்டிக்கொண்டு, கேமராவை உயர்த்திப் பிடித்தபடி, மாப்பிள்ளையையும் பெண்ணையும் மொத்தமாக மறைத்து நின்றது என் அக்கா.

கடைசிப் படத்தில் அந்த அம்மா அக்காவின் முதுகை விரலால் தொட்டாள்.

"கொஞ்சம் நவுந்து நின்னிருக்கக் கூடாதாம்மா?"