பிளாப்பிக்கு வைத்த பொட்டு

மலைக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டரில் சரக்கு விவரம் பதிவது என் வேலை. அதற்கான புரோகிராமை விற்ற கம்பெனி கொடுத்த பிளாப்பி டிஸ்க்கைச் செருகினால்தான் அது திறக்கும். நகல் எடுத்தால் ஓடாது. செலவைக் குறைக்க முதலாளி ஒன்றே ஒன்று வாங்கியிருந்ததால், ஸ்ரீரங்கம் கிளைக்கும் அதையே பஸ்ஸில் சுமந்துகொண்டிருந்தேன்.

ஆயுத பூஜையன்று முதலாளி அதற்கும் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். மறுநாள் செருகியதும் கரகரவென்று சத்தம் மட்டும்தான் வந்தது. தீபாவளிச் சரக்கு விவரம் முழுவதும் அந்தப் புரோகிராமுக்குள்.

"என்னம்மா, எல்லாம் போயிடுச்சா?" முதலாளி எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பேசாம இருங்க சார்!"

காய்ந்த சந்தனத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி மறுபடி செருகினேன். ஒருவழியாகத் திறந்தது.

கையோடு ஸ்ரீரங்கத்துக்குத் தனியாக ஒன்று வாங்க வைத்தேன். இப்போதெல்லாம் ஆயுத பூஜைக்கு முதலாளியிடம் நான் நீட்டுவது, பிளாப்பி வந்த காலி டப்பாவைத்தான்.