தானாக விழுந்த திகதி

போன திங்கட்கிழமை காலை ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்ட கேள்வி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு நிவாரண அலுவலகம். இடம்பெயர்ந்தவர்கள், காணாமற்போனவர்கள் — எல்லோருடைய விபரமும் எங்கள் கம்ப்யூட்டரில். அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்பவன் நான். திரையில் இருக்கிற பட்டன், பெயர்ப் பட்டியல், திகதிப் பெட்டி, இதையெல்லாம் நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. ஆயத்தமாக ஒரு தொகுதி கிடைக்கும், எடுத்துப் பொருத்துவோம்.

நாங்கள் பொருத்தியிருந்த தொகுதியை அதைச் செய்தவர்களே கைகழுவிவிட்டார்கள். ‘இனிப் பாவிக்க வேண்டாம்’ என்று அறிவிப்பு. கொழும்புத் தலைமையகத்திலிருந்து மெயிலுக்கு மேல் மெயில் — மாத முடிவுக்குள் பழையதெல்லாம் கழற்றப்பட வேண்டும்! அவர்களுக்கென்ன? இங்கே பாதி நாள் கரண்ட் இல்லை. பாதித் திரை புதிது, பாதி பழையது. குசினி அடுப்பு புது வீட்டில், பாய் பழைய வீட்டில் என்கிற கதைதான். குடாவுக்கு அப்பால் ஷெல் விழும் ஒவ்வொரு தடவையும் ஜன்னல் அதிரும். எந்த வரியில் நின்றேன் என்பது மறந்துபோகும். அந்த எரிச்சலோடுதான் ஞாயிற்றுக்கிழமை திகதிப் பெட்டியை மாற்றினேன்.

பழைய பெட்டியை வெறுமையாக விடலாம். பதிவு எழுதும் செல்வி, காணாமற்போனவரைக் கடைசியாகக் கண்ட நாள் தெரியாதவர்களுக்கு அப்படித்தான் விடுவார். எங்கும் எழுதிவைக்காத அலுவலக வழக்கம் அது. புதுப் பெட்டி கெட்டிக்காரப் பெட்டி. வெறுமையாக விட்டால் அன்றைய திகதியைத் தானே போட்டுக்கொள்ளும். எனக்கு இது தெரியாதா? தெரியும். நல்ல வசதிதானே என்று நினைத்தேன்.

திங்களன்று செல்வி அச்சடித்துக் கொடுத்த முதல் பதிவுத் துண்டை வாங்கிப் போன பெண், அரை மணித்தியாலத்தில் ஓடி வந்தார். மூதூர்ப் பக்கம். முப்பது வயது இருக்கும். கணவரைக் காணவில்லை. மூச்சு வாங்கத் துண்டை நீட்டினார். ‘கடைசியாகக் கண்ட நாள்’ — அன்றைய திகதி.

“இண்டைக்கு ஆர் கண்டது, சேர்? எங்க கண்டது? சுகமா இருக்கிறாரோ?”

துண்டை வாங்கிப் பார்த்தேன்.

“ஒருத்தரும் காணேல்லை அக்கா. நீங்கள் நாள் தெரியாது எண்டதால செல்வி வெறுமையா விட்டவ. மெஷின் தானாப் போட்டுட்டுது. பிழை என்ர.”

“நாள் தெரியாதுதான் சேர். ஷெல்லுக்க பிள்ளையளோட ஓடிக்கொண்டிருந்தனாங்கள்...” கதிரையில் இருந்துவிட்டார். “வரேக்க கோயிலில தேங்காயும் உடைச்சிட்டன்.”

வெட்கம் பிடுங்கித் தின்றது. கெட்டிக்காரத்தனம் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, தெரியாததைத் தெரியாது என்று விடத் தெரியாததுதான் — மெஷினுக்கும் சரி, அதைப் பொருத்தியவனுக்கும் சரி.

அங்கேயே, அவர் பார்த்திருக்கப் பழைய பெட்டியைத் திரும்பப் பொருத்தினேன். நாளுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுப் புதுத் துண்டு அடித்துக் கொடுத்தேன். பிழையான துண்டைத் தாருங்கள், கிழிக்க வேண்டும் என்றேன்.

“ஏலாது சேர். பிழையெண்டாலும் இது என்னட்ட இருக்கட்டும்.”

இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நேற்றும் கொழும்பிலிருந்து மெயில்: பழையதெல்லாம் கழற்றியாகிவிட்டதா? ‘ஒரு பெட்டி மட்டும் இருக்கும்’ என்று எழுதிவிட்டேன். ஏன் என்று கேட்டால்... பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை வெட்டி அனுப்ப வேண்டியதுதான்!