நாய் வாயை முகர்ந்து சொன்னவன்

நாய் மருத்துவமனையில் அவனைக் கூண்டு கழுவத்தான் சேர்த்தார்கள். அதற்கு முன் பதினோரு வருடம் மீன் கிடங்கில் வேலை. கூடை கூடையாக வரும் மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்த்து, இது தாங்கும், இது தாங்காது என்று பிரித்துப் போடுவான். அந்த வாடை தாளாமல் மனைவி படுக்கையை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டாள். வேலை மாறிய அன்றைக்கும் அவள் சிரிக்கவில்லை. "மீன் போய் நாய் வந்துடுச்சு. அடுத்து என்ன, பன்னியா?" என்றாள்.

நான்கு வருடத்துக்கு முன் டாக்டருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் அவர் எழுந்துவிட்டார். மூக்கு மட்டும் எழுந்திருக்கவில்லை. காபியும் கழிவறையும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வாய் நாறுகிறது என்று தூக்கிக்கொண்டு வரும் குட்டை நாய்களால்தான் அந்த மருத்துவமனையே ஓடிக்கொண்டிருந்தது. மூக்கு செத்த டாக்டரிடம் யார் வருவார்கள்? கூண்டு கழுவுகிறவனை உள்ளே கூப்பிட்டு, ஒரு நாயின் வாயைப் பிளந்து காட்டினார்.

"மோந்து பாத்து சொல்லு."

அன்றிலிருந்து அவன் மூக்கன்.

பழகிக்கொள்ள ஆறு மாதம் ஆனது. அழுகல் வாடை என்றால் பல். சின்ன நாய்க்குத் தாடை நம் கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. அதற்குள் பெரிய நாய்க்கு உள்ள அதே நாற்பத்திரண்டு பல் நெருக்கியடித்து நிற்கும். சிலதுக்குப் பால் பல்லும் விழாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கில் தின்றது தங்கி, காறை படிந்து, ஈறு புண்ணாகும். மயக்கம் கொடுத்துச் சுரண்டி, ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிட்டு, பிறகு தினமும் தேய்த்துவிட வேண்டும். கனிந்த பழம்போல் இனித்தால் சர்க்கரை நோய். மூத்திர வாடை என்றால் சிறுநீரகம். அதற்கு இரத்தம் எடுத்துப் பார்க்காமல் மயக்க ஊசியைத் தொடக்கூடாது.

மூக்கன் நாயின் தலையைப் பிடித்துக்கொள்வான். ஒரு விரலைத் தூக்கினால் பல். இரண்டு, சர்க்கரை. மூன்று, சிறுநீரகம். டாக்டர் குனிந்து, கண்ணை மூடி, ஒரு பெரிய மூச்சு இழுத்துவிட்டு வியாதியைச் சொல்வார். நாய்க்காரர்கள் வாய் பிளப்பார்கள்.

'இவர் சொன்னார்' என்று டாக்டர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாரிடமாவது சொல்ல வேண்டும். மூக்கனுக்கு அது போதும். மனதை அடக்க முடியாமல் ஒருநாள் கேட்டும் பார்த்தான்.

"ஏண்டா, ஸ்டெதஸ்கோப்பு பேரு கேக்குமா?" என்றார் டாக்டர்.

டாக்டரை வளர்த்த அத்தை ஒரு காலையில் வந்தாள். கைப்பைக்குள் அடங்குகிற வெள்ளை நாய், வயது பன்னிரண்டு. பெஞ்சில் உட்கார்ந்து மூக்கனிடமே பேச ஆரம்பித்தாள்.

"இது கொட்டாவி விட்டா வீட்டுல ஒருத்தர் உக்கார முடியலப்பா. புதினா குடுத்தேன். என் பேஸ்ட்டை வச்சே தேச்சும் விட்டேன்."

"ஐயையோ, நம்ம பேஸ்ட்டு ஆகாதும்மா. நமக்குத் துப்பத் தெரியும், இது முழுங்கிடும். நாய்க்குன்னு தனியா விக்கிது."

"பரவால்லையே, விவரமான ஆளா இருக்கியே! தண்ணி வேற ஓயாம குடிக்குதுப்பா. முன்ன இப்படி இல்ல."

மூக்கன் பதில் சொல்வதற்குள் டாக்டர் கதவைத் திறந்தார்.

"அத்தை, அவன்கிட்ட உக்காராதீங்க. நாத்தம் நாய்கிட்டேருந்து வருதா, இவன்கிட்டேருந்து வருதான்னு எனக்கே தெரியாது."

அது சத்தியமான வார்த்தை என்பது அங்கே இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போடா போக்கிரி" என்றாள். சிரித்துக்கொண்டே பெஞ்சில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மேஜையில் மூக்கன் நாயின் உதட்டைத் தூக்கினான். மேலே அழுகல். அதற்கு அடியில், ஒரு மூச்சு தள்ளி, மூத்திரம். சந்தேகமே இல்லை. தண்ணீர் குடிக்கிற கதையும் பொருந்திவிட்டது. அத்தையின் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுதாக வடியவில்லை.

அவன் ஒரு விரலைத் தூக்கினான்.

டாக்டர் குனிந்தார், மூச்சை இழுத்தார். "பல்லுதான் அத்தை. சின்ன வேலை. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போங்க."

ஊசியில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோதும் இன்னும் இரண்டு விரலைத் தூக்க நேரம் இருந்தது. நாய் அவன் மணிக்கட்டை நக்கியது.

"வாயைத் தொற," என்றார் டாக்டர். "உன் வாயை இல்லடா, அதோட வாயை."

திறந்தான்.

ஒன்பது பல்லைப் பிடுங்கினார்கள். மிச்சமிருந்தவை பளிச்சென்று ஆயின. மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டிய நாய் எழுந்திருக்கவில்லை. நாலரைக்கு மூச்சு நின்றது.

டாக்டர் வெகுநேரம் அதன் நெஞ்சை அமுக்கிப் பார்த்தார்.

"நீ மூணு காட்டுனியா? நான்தான் சரியா பாக்கலையா?"

"ஒண்ணுதான் காட்டுனேன் சார்."

"வேற வாசனை ஏதாவது இருந்துச்சா?"

"நீங்களும் குனிஞ்சு மோந்தீங்களே சார்."

ஐந்து மணிக்கு அத்தை வந்தாள். "நீ சொன்ன பேஸ்ட்டு கெடச்சிடுச்சுப்பா" என்று மூக்கனிடம் அட்டைப்பெட்டியைக் காட்டினாள். பிறகுதான் மேஜையைப் பார்த்தாள். நாயை இரண்டு முறை கூப்பிட்டாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ரத்தம் கித்தம் பாத்தியாடா?"

டாக்டர் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு மூக்கு போயி நாலு வருஷம் ஆச்சு அத்தை. எந்த நாயா இருந்தாலும் இவர்தான் மோந்து பாப்பார். இவர்தான் சொன்னார்."

இவர். மூக்கனுக்கு உடம்பு சிலிர்த்தது. அவ்வளவு கூசவேண்டிய நேரத்தில் முதுகு தானாக நிமிர்ந்தது.

"சீ!" என்றாள் அத்தை. "நாயைக் கொன்னது பத்தாதுன்னு கூண்டு கழுவறவன் தலையில பழியப் போடறியா? கதை கட்டறதுக்கும் ஒரு அளவில்லையா? உன்னை இப்படியா வளத்தேன்?" அவன் பக்கம் திரும்பினாள். "நீ போப்பா. பாவம், உனக்கென்ன தெரியும்."

"எனக்குத் தெரியும்மா."

சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. வந்தது நிற்கவும் இல்லை. "மூத்திர வாடை நல்லாவே அடிச்சுது. பல்லு நாத்தத்துக்கு அடியில இருக்கும், லேசுல யாருக்கும் தெரியாது. எனக்கு ஒரே மூச்சுல தெரிஞ்சுது—"

அத்தை கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். "தள்ளி நின்னு பேசுப்பா" என்றுவிட்டு நாயைத் துண்டில் சுற்றத் தொடங்கினாள். அவன் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

டாக்டர் காதில் ஏறியது. அவர் அவனையே பார்த்தபடி நின்றார். அவன் சட்டையைப் பிடிக்கக் கை எழுந்து, பாதியில் நின்றது. வெளியே பெஞ்சில் இன்னும் மூன்று நாய்கள் காத்திருந்தன.