காலியான பலகை

எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். துவாஸ் பக்கத்துத் தொழிலாளர் விடுதியில் அப்படி ஓர் அறை என்ன லட்சணத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் எங்கள் அறைக்கு வந்து பாருங்கள், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். எல்லாம் ரத்னவேல் அண்ணன் வேலை. செருப்புக்குத் தட்டு, தட்டில் ஆளுக்கு ஓர் இடம். துண்டுக்கு ஆணி, ஆணிக்கு மேலே பெயர். சார்ஜரைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் அது ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டி உங்கள் தலையணைமேல் இருக்கும். கூடவே திட்டும் கிடைக்கும். "எடுத்தா எடுத்த எடத்துல வைக்கத் தெரியாதா? மாடு மாதிரி வளந்திருக்கீங்களேடா!"

திட்டுவாரே தவிர, நம்மை வைக்க விடமாட்டார். அவரே எடுத்து வைத்துவிடுவார். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வரும். "நீங்க ஏண்ணே செய்யுறீங்க? அவனே செய்யட்டும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "அவன் செய்யுற வரைக்கும் அது அலங்கோலமா கெடக்கணுமா அசோக்கு?" என்பார். ஒரு பொருள் இடம் மாறிக் கிடந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது.

நாங்கள் வேலை செய்யும் கப்பல் பட்டறையிலும் இதே கதைதான். அவருக்குத் தொட்டி வாசலில் காவல் வேலை. கப்பலின் அடிவயிற்றில் இருக்கும் இரும்புத் தொட்டிக்குள் துருச் சுரண்ட இறங்குகிறவன், போனை லாக்கரில் பூட்டிவிட்டு, தன் பெயர் போட்ட டேக்கை வாசலில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் கழற்றிக்கொள்ள வேண்டும். டேக் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். அது தொங்கும்வரை உள்ளே காற்று அனுப்பும் மெஷினை நிறுத்தக் கூடாது, மூடி போடக் கூடாது. குழந்தைக்குக்கூடப் புரியும் விதி.

ஆனால் தொட்டியின் மறுகோடியில் இன்னொரு வாசல் உண்டு. கேன்டீன், லாரி எல்லாம் அந்தப் பக்கம். நம் பயல்கள் அந்த வழியாக ஏறிப் போய்விடுவார்கள், டேக் இங்கேயே தொங்கும். அதற்காகத் திரும்பச் சுற்றிக்கொண்டு எவன் வருவான்? "அண்ணன் எடுத்தாந்துருவாரு, வாடா" என்று கிளம்பிவிடுவார்கள். அண்ணன் குனிந்து உள்ளே குரல் கொடுத்துப் பார்ப்பார். பதில் வராவிட்டால் திட்டிக்கொண்டே டேக்குகளைக் கழற்றி, அறைக்குக் கொண்டுவந்து அவரவர் துண்டு ஆணியில் மாட்டிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அரைநாள் வேலை. முடிந்ததும் எல்லோரும் விழுந்தடித்து லாரிக்கு ஓடினோம். குளித்துவிட்டுச் சிராங்கூன் ரோட்டுக்குப் போகிற அவசரம். பலகையில் சில டேக்குகள் மிச்சம் தொங்கின. அண்ணன் வழக்கம்போலக் குரல் கொடுத்தார், கழற்றினார், காற்றை நிறுத்தி மூடியைப் போட்டார். அந்தப் பக்கத்து மூடியும் போட்டாயிற்று.

தேக்கா மார்க்கெட்டில் அண்ணன் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் அறைத் தங்கராஜுவின் மனைவி லீலா, பட்டுக்கோட்டையிலிருந்து.

"அண்ணே, அவரு உங்ககூட இருக்காரா? ஞாயித்துக்கெழம வேல முடிஞ்சதும் கூப்புட்டுருவாரு. இப்ப போன் அடிக்குது, எடுக்கவே மாட்டேங்குறாரு."

"இங்கதாம்மா எங்கயாச்சும் நிப்பான். கூப்புடச் சொல்றேன்" என்றார். போனை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"என்னண்ணே?"

"அசோக்கு, அவன் ஆணியில டேக்க மாட்டுறப்ப துண்டு காஞ்சு கெடந்துச்சுடா. எல்லார் துண்டும் ஈரம். அவன் குளிக்கவே இல்ல."

தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டோம். லாரியில் அவனைப் பார்த்தவன் ஒருவனும் இல்லை. டாக்ஸியில் ஏறியதும் அண்ணன் பட்டறையின் பாதுகாப்பு அதிகாரி அப்துல் அஜீஸுக்குப் போட்டார்.

"எல்லாரும் போயிட்டாங்க லா. நானே செக் பண்ணினேன், போர்டு க்ளியர்" என்றார் அவர்.

"போர்ட நம்பாதீங்க சார்! நான்தான் கழட்டுனேன். உள்ள ஆள் இருக்கு சார். மூடியத் தொறங்க, உங்க கால்ல விழறேன்!"

அந்தப் பக்கம் "யா அல்லாஹ்" என்று ஒரு குரல், இணைப்பு போய்விட்டது. அப்புறம் நாங்கள் எத்தனை அடித்தும் அவர் எடுக்கவில்லை. சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கார் நகரவே மாட்டேன் என்கிறது. அண்ணன் முன் சீட்டில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். "முருகா, என் கைய ஒடிச்சுப் போட்டிருக்கக் கூடாதா?" லீலா திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அந்தப் போனை எடுக்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடி திறந்திருந்தது. காற்று மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் நேரே ஏணிக்கு ஓடினார். அஜீஸ் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நீங்க எறங்கினா உங்களையும் தூக்கணும். ஆளுங்க உள்ள போயிருக்காங்க லா!" அண்ணன் இரும்புத் தரையில் மண்டிபோட்டு, அந்த ஓட்டைக்குள் "தங்கராஜு, தங்கராஜு" என்று கதறினார்.

கயிறு கட்டி மேலே கொண்டுவந்தார்கள். உயிர் இருந்தது! சட்டையில்லாத உடம்பெல்லாம் துரு, உதடு வெடித்திருந்தது. தண்ணீர் குடித்து, மூச்சு வந்ததும் அவன் அண்ணன் கையைத்தான் முதலில் பிடித்தான்.

"தொட்டியில கடைசித் தடுப்புல சொரண்டிக்கிட்டிருந்தேண்ணே, காதுல சத்தத்துக்கு வெச்ச அடைப்பான், ஒண்ணும் கேக்கல. திடீர்னு காத்து நின்னு போச்சு. வாசலுக்கு வந்தா மூடி. கொஞ்ச நேரம் தட்டுனேன். அப்புறம் தட்டல, கத்தவும் இல்ல. மேல என் டேக்கு தொங்குதுல்ல? எப்படியும் பாத்துட்டு வந்துருவாங்க, மூச்ச வீணாக்கக் கூடாதுன்னு உக்காந்துட்டேன்."

நான் அண்ணன் தோளை அழுத்தினேன். இப்போது வேண்டாம், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"தொங்கலடா. நான் கழட்டிட்டேன். ரூமுல உன் ஆணியில இருக்கு."

தங்கராஜு அவர் முகத்தையே பார்த்தான். கையை உருவிக்கொண்டான். உள்ளே அத்தனை நேரம் கத்தாமல் இருந்தவன் அப்போதுதான் கத்த ஆரம்பித்தான்.