கண்ணாடிக் கூரையில் நான் போட்ட ஓட்டை

எட்டு வயதில், ஒரு பத்து நாள், தம்பியைச் சாகடிக்கப்போகிறவள் நான்தான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அப்போது, ஊரை விட்டு வந்து, பலெர்மோவில், பிரான்காச்சோப் பக்கம், வீட்டுக்கார அம்மாவான ஒரு சின்யோராவின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். ஓர் அறைதான். அதை விட்டால், யாரோ ஒரு காலத்தில் அலுமினியச் சட்டமும் கண்ணாடிக் கூரையும் போட்டு மூடிய பால்கனி. தம்பி பிறந்ததும் அம்மாவையும் அவனையும் அதற்குள் விட்டார்கள். பிள்ளை பெற்ற உடம்பில் முப்பத்தொரு நாள் காற்றுப் படக்கூடாது. எங்கள் ஆட்களுக்கு அது சட்டம். அந்தக் கூரையோ மாரியில் ஒழுகும், இடுக்கெல்லாம் காற்று ஊதும்.

அப்பா சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் தோடம்பழம் பிடுங்குகிறவர். கூரை வேலை தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கமும் கிடையாது. ஊதுபத்தியைக் கொளுத்திச் சட்டம் சட்டமாகக் காட்டினார். புகை எங்கே வளைந்ததோ அங்கே சிலிக்கோன் பசையைப் பூசினார்.

அவர் அந்தப் பக்கம் போன நேரம், நான் கட்டிலில் ஏறி, காயாத சிலிக்கோனுக்குள் விரலை விட்டு ஓட்டை போட்டேன். ஏன் என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல? மெத்தென்று இருந்தது, விட்டேன்.

மூன்றாம் நாள் காலை தம்பியின் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

"இஞ்சாருங்கோ, பிள்ளைக்கு மேல தண்ணி!" என்று அம்மா கத்தினார்.

அப்பா இன்னும் இரண்டு குழாய் சிலிக்கோன் வாங்கிவந்தார். அடைக்க அடைக்கச் சொட்டியது. மழையே இல்லாத நாளிலும் சொட்டியது. தம்பிக்குச் சளி பிடித்து நெஞ்சு கர் கர் என்றது. எல்லாம் என் ஓட்டையால்தான். பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்தேன்.

சொட்டத் தொடங்கிப் பத்தாம் நாள் சின்யோரா பிள்ளை பார்க்க வந்தார். அம்மா குளிப்பதற்கு எலுமிச்சை இலை அவித்த தண்ணீர், ஆவி பறக்கப் பெரிய பானையில் இருந்தது. கயிறு நிறையத் தம்பியின் ஈரத் துணிகள். வாசலிலேயே அவருடைய மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிவிட்டது. கூரையை விரலால் தடவி, ஈரத்தை அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டி, படபடவென்று பொரிந்தார். மொழிபெயர்ப்பாளர் நான்தானே.

"தண்ணி வெளியில இருந்து வரேல்லையாம் அப்பா. எங்கட மூச்சும் இந்த ஆவியும்தானாம். போக வழியில்லாமல் கூரையில முட்டி விழுகுதாம். பிள்ளை இதுக்குள்ள எப்பிடி மூச்சு விடும் எண்டு கேக்கிறா."

சின்யோரா ஜன்னலை இழுத்தார். அது அசையவில்லை. அதையும் அப்பா ஒட்டி வைத்திருந்தார்.

"ஐயோ, வேண்டாம் எண்டு சொல்லு! பச்சை உடம்பு!" அம்மா தம்பியை மாரோடு அணைத்துக்கொண்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்துவந்து ஜன்னல் சிலிக்கோனை அறுத்தார்.

சின்யோரா தன் காரிலேயே தம்பியை டாக்டரிடம் கொண்டுபோனார். வெறும் சளிதான், நல்ல காலம், இனியாவது காற்று வரவிடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போய் அழுதேன். "அப்பா, கூரையில ஓட்டை போட்டது நான்தான்."

"ஓம் பிள்ளை, தெரியும். அண்டைக்கே கண்டு அடைச்சுப்போட்டன்" என்றார்.

அப்பாடா! எனக்கு உயிர் வந்தது. அப்பா வெளியே போய்ப் படிக்கட்டில் குந்தி சிகரெட்டைப் பற்றவைக்கப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலில் அறுத்த சிலிக்கோன் துண்டைக் கையில் பிடித்தபடி உடம்பைக் குறுக்கிக்கொண்டார். குளிருதாக்கும் என்று நினைத்து, அவருடைய சுவெட்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.