காற்று ஆபீசரின் தலை தீபாவளி

ஜாதகம் கொண்டுவந்த தரகர், மாப்பிள்ளை ஃபாரினில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் என்று மட்டும்தான் சொன்னார். எங்கள் அப்பாவுக்கு ஃபாரின் என்றால் சவுதி, இல்லாவிட்டால் துபாய். கோட்டக்குப்பத்துக்காரர்கள் அங்கே போய்விட்டு டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்குவதை அவர் பார்த்திருக்கிறார். தட்டு மாற்றிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளை போய் வந்தது அண்டார்டிகா. அங்கே கடையே கிடையாது. அவர் கொண்டுவந்தது ஒரு கறுப்புக் கல்லும் ஒரு போட்டோவும். போட்டோவில் தலையோடு கால் மூடிய ஓர் உருவம், பனிக்கு நடுவே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. அது அவர்தான் என்பதற்கு அவர் வாய்தான் சாட்சி.

"அங்க இன்னா வேலைங்க மாப்ளே?" என்று கேட்டார் அப்பா.

"காத்து அளக்கறதுங்க மாமா."

அப்பா அம்மா பக்கம் திரும்பி, "காத்த அளக்கறதுக்கு கவர்மெண்ட்ல சம்பளம் குடுக்கறாங்களாம்" என்றார். அன்றிலிருந்து ஊரில் என் வீட்டுக்காரர் பெயர் காத்து ஆபீசர்.

அம்மாவின் மனதில் நின்றது ஒன்றே ஒன்று. பனிப்புயல் அடித்தால் அங்கே கக்கூஸுக்குக்கூட கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று இவர் ஒருநாள் சொல்லித் தொலைத்திருந்தார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா அதைச் சொல்லி, "பாவம், எங்க மாப்ளே" என்று உச்சுக் கொட்டுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரரை நான் கேலி செய்யலாம், அதற்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிறேன். இவர்கள் யார்?

ஆகவே தலை தீபாவளிக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது எனக்கு ஒரே வேண்டுதல்தான். புடவை வேண்டாம், மோதிரம்கூட வேண்டாம், அப்பா இவரை ஒரு மனுஷனாக மதித்தால் போதும். (மோதிரம் விஷயத்தில் நான் அவ்வளவு உறுதியாக இல்லை.) இவரோ விழுப்புரம் வரைக்கும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, காற்று எந்தத் திசையில் வருகிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் ஓடினால் முன்னாலிருந்துதான் காற்று வரும் என்றேன். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

காணைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அந்த வருஷம் சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை பிந்திப்போயிருந்தது. தீபாவளி எண்ணெய்க் குளியல், பலகாரம் எல்லாம் முடிந்த மறுநாளும் அப்பா களத்திலேயே கிடந்தார். அடித்த நெல் பதரும் கூளமுமாக மலை போலக் குவிந்திருந்தது. அதை முறத்தில் அள்ளி உயரப் பிடித்துக் கொட்ட வேண்டும்; காற்று பதரை அடித்துக்கொண்டு போக வேண்டும். அந்தக் காற்றுதான் இல்லை. வேப்பமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. எங்களுக்குச் சீராகக் கொடுத்த டேபிள் ஃபேனை எடுத்து வந்திருக்கலாமே என்றாள் அம்மா. களத்தில் கரண்ட் ஏது?

காலைச் சாப்பாடு கொண்டுபோன என்னோடு இவரும் புதுவேட்டியில் களத்துக்கு வந்தார். அப்பா ஆட்கள் எல்லார் முன்னாலும், "வாங்க மாப்ளே. காத்து ஆபீசருதானே நீங்க, மாமனாருக்கு ஒரு முறம் காத்து வாங்கிக் குடுங்களேன்" என்றார். களமே சிரித்தது.

சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். இவர் கேள்வி என்று வந்தால் பதில் சொல்லாமல் விடமாட்டார். குவியல் பக்கத்தில் குந்திக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"இந்தக் குவியல்தான் அந்த நாடுன்னு வெச்சிக்கோங்க மாமா. நடுவுல மேடு, மேலெல்லாம் ஐஸு. அது மேல படுத்துக்கினு இருக்கற காத்து குளிர்ல கனத்துப்போயி, சரிவுல வழிஞ்சி கடலுக்கு எறங்கும். அது தினப்படி காத்து. கடல்ல ஒரு தாழ்வழுத்தம் நகந்து வந்து கரையோரம் நின்னு, எதுத்தாப்ல ஒரு உயரழுத்தம் வழி உடாம நின்னுதுன்னாதான் புயல். அதோ உங்க கரும்பு ஆலை மாதிரி. ரெண்டு உருளையும் எதிரும் புதிருமா சுத்துது, நடுவுல மாட்டன காத்து பிதுங்கிக்கினு வருது. அதான் ஆளத் தூக்கற காத்து."

களத்து ஓரத்தில் ஆலை வைத்து வெல்லம் காய்ச்சும் அப்பாவுக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஆலையைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், தாடையைச் சொறிந்தார்.

"கரும்ப உட்டா சாறு ஒரு பக்கம் வரும், சக்கை ஒரு பக்கம் வரும். அங்க சக்கை எங்க போவும் மாப்ளே?"

ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் நெற்றியைச் சுருக்கி நிஜமாகவே யோசித்தார். "தெரியலீங்க மாமா. யோசிச்சி சொல்றேன்." எனக்குக் கிணற்றில் குதிக்கலாம் போலிருந்தது.

மத்தியானம் டிரான்சிஸ்டர் ரேடியோ செய்தியில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்றார்கள். அப்பாவின் முகம் மாறிவிட்டது. பதரோடு இருக்கிற நெல் நனைந்தால் சூடேறி முளைத்துவிடும். குவியலை வைக்கோல் போட்டு மூடுங்கடா என்று கத்தினார்.

"மூடாதீங்க மாமா" என்றார் இவர். "மழைக்கு முன்னால காத்து வரும். கடல்ல உருளை வந்து நின்னுடிச்சி. இங்க ஒத்த உருளைதான், ஆனா போதும். வழக்கமா வர்ற கடல் காத்து இல்ல இது, வடக்கால இருந்து வரும். ஆளுங்கள தெற்கப் பாக்க நிறுத்துங்க, பதரு அந்தாண்ட போவும்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீ இன்னாம்மா சொல்ற?"

இவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் காலையில் சிரித்த அத்தனை பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். கோபத்தில்தான் சொன்னேன்: "அவரு சொன்னா வரும்பா."

முறத்தோடு எல்லோரும் நின்றார்கள். காற்று வரவில்லை. கிழக்கே வானம் கறுத்தது. அப்பா வைக்கோல் போரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வைக்கோலைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன், மயிலத்து முருகனுக்கு முடி காணிக்கை வேண்டிக்கொண்டேன். என் முடி இல்லை, இவருடையது.

வடக்கு வரப்புத் தென்னைதான் முதலில் அசைந்தது. பிறகு வேம்பு. பிறகு என் முந்தானை. "தூத்துங்கடா!" என்று அப்பா போட்ட சத்தத்தில் முறங்கள் எழும்பின. நெல் காலடியில் பொலபொலவென்று விழ, பதர் தெற்கே பறந்தது, இவர் சொன்ன அதே தெற்கே.

அந்தத் தெற்கேதான் இவர் நின்றுகொண்டிருந்தார். சொன்னது நடந்த சந்தோஷத்தில் கையை ஆட்டி யாருக்கோ எதையோ விளக்கிக்கொண்டு, பதர் விழும் இடத்துக்கு நேராகப் போய் நின்றுவிட்டார். கடைசி முறம் முடிந்தபோது அங்கே தலையோடு கால் மூடிய ஓர் உருவம் தும்மிக்கொண்டிருந்தது. போட்டோவில் இருப்பது இவர்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அப்பா கிட்டே போய் நிதானமாகப் பார்த்தார். "சக்கை எங்க போவும்னு கேட்டேன். நீங்களே நின்னு காட்டிட்டீங்க மாப்ளே" என்று சொல்லி, தோள் துண்டை எடுத்து இவர் தலையையும் முகத்தையும் துடைத்துவிட்டார். எல்லா மூட்டையும் வீட்டுக்குள் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது.

ஊருக்குக் கிளம்பிய அன்று அப்பா விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். தோளில் ஒரு சாக்குப் பை. முறுக்காக இருக்கும் என்று நினைத்தேன். பஸ் புறப்படும்போது ஜன்னலண்டை வந்து, யாருக்கும் கேட்காதபடி இவரிடம் கேட்டார்.

"மறுபடி அந்த எடத்துக்கு அனுப்புவாங்களா மாப்ளே?"

"அனுப்பலாங்க மாமா."

சாக்கை ஜன்னல் வழியாக உள்ளே திணித்தார். எங்கள் கிணற்றில் மாடு கட்டி இறைத்த காலத்து வடக்கயிறு. "கவர்மெண்ட் கயிறு எப்டி இருக்குமோ. கக்கூஸுக்குப் போறப்ப இதப் புடிச்சிக்கினு போங்க."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. திண்டிவனம் வரை அந்தப் பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.